ஒலிக்கூடமும் மேடையும்: லெட் ஸெப்பலின், டீப் பர்ப்பிள்

டெரி ரீட் என்ற ஆங்கிலேயப் பாடகருக்கு ராக் இசை வரலாற்றில் விசித்திரமான ஓர் இடம் உண்டு. 1968இல் ஜிம்மி பேஜ், தான் தொடங்கவிருந்த குழுவில் பாட அவரை அழைத்தார். வேறு கச்சேரிகளுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த ரீட் மறுத்துவிட்டு, ராபர்ட் பிளான்ட் என்ற இளைஞனைப் போய்க் கேட்டுப்பாருங்கள் என்றார். அடுத்த ஆண்டு ரிச்சி பிளாக்மோர் தன் குழுவுக்குப் புதுப் பாடகரைத் தேடியபோது அவரும் ரீடை அழைத்தார். ரீட் அதையும் ஏற்கவில்லை. கடைசியில் இயன் கில்லன் வந்து சேர்ந்தார். முதல் குழு லெட் ஸெப்பலின். இரண்டாவது டீப் பர்ப்பிள்.

ஒரே பாடகரைத் தேடிப் போகும் அளவுக்கு இரு குழுக்களும் நெருங்கிய உறவுக்காரர்கள். இரண்டும் 1968இல் தொடங்கின. பேஜ், பிளாக்மோர் இருவருமே அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் யார் யார் பாட்டுக்கோ கூலிக்குக் கிதார் வாசித்தவர்கள். ஸெப்பலினின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸும் அதே தொழிலில் இருந்தவர்தான். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையே இவர்கள் எல்லோருக்கும் பால பாடம். அப்படியிருந்தும் 1970க்குள் இரு குழுக்களின் இசையும் ஒன்றுக்கொன்று அந்நியமாகிவிட்டது. கேசட் கடையில் பெயர் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிய காலத்திலிருந்து இரண்டையும் கேட்டு வருகிறேன். "உனக்கு யார் பெரிசு?" என்ற கேள்வி நண்பர்களிடையே ஓய்ந்ததே இல்லை. கிதாரின் வேகம், பாடகரின் உச்சஸ்தாயி, விற்ற தட்டுகளின் எண்ணிக்கை என்று வாதம் போகும். உண்மையான வேறுபாடு இவர்கள் இசையை உண்டாக்கிய விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஸெப்பலின் ஒலிப்பதிவுக் கூடத்தின் குழு. ஒருவர் தன் காதுக்குள் முழுதாகக் கேட்டுவிட்டதை நால்வர் சேர்ந்து கட்டினார்கள். பர்ப்பிள் மேடையின் குழு. ஐவர் ஒருவரையொருவர் விஞ்சப் பார்த்ததில் அந்த இசை பிறந்தது.

ஸெப்பலினின் முதல் இசைத்தட்டு 1969 ஜனவரியில் வந்தது. லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் பதிந்து முடித்தார்கள். செலவைப் பேஜே ஏற்றார், தயாரிப்பாளராகவும் அவரே இருந்தார். பிறகு வந்த தட்டுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் தயாரிப்பாளர். கூலிக்கு வாசித்த ஆண்டுகளில் அவர் கற்றது கிதாரை மட்டுமல்ல. மைக்கை டிரம்ஸின் முகத்தில் வைத்துப் பதிவதே அன்றைய வழக்கம். பேஜ் அதைத் தள்ளி வைத்தார். அறையில் மோதித் திரும்பும் ஒலியும் பாட்டில் சேர வேண்டும் என்று நினைத்தார்.

இதன் உச்சம் 1971இல் வந்த பெயரிடப்படாத நான்காம் தட்டில் இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில் தங்கி அதன் பெரும்பகுதியைப் பதிந்தார்கள். 'வென் த லெவீ பிரேக்ஸ்' பாட்டுக்காக ஜான் போனமின் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் வைத்து, மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். போனம் அதில் வாசிப்பது மிக எளிய தாளம். ஆனால் ஒவ்வொரு அடியும் படிக்கட்டில் ஏறி இறங்கி வந்து சேர்கிறது. 1927இல் மிஸிஸிப்பி ஆறு கரையுடைத்துப் பெருகிய வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்ஸஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிந்த பாட்டு அது. மூலத்தில் ஒரு குரலும் இரண்டு கிதார்களும்தான். ஸெப்பலின் கைக்கு வந்தபோது வெள்ளமே பாட்டுக்குள் புகுந்துவிட்டது. ராக் இசையில் டிரம்ஸ் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றும் இந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவேன்.

பேஜுக்கு அமைதியின் மதிப்பும் தெரிந்திருந்தது. 1970இல் வேல்ஸ் மலைப்பகுதியில், மின்சாரம் இல்லாத பிரான்-இர்-ஆர் குடிலில் பிளான்டுடன் தங்கியிருந்தபோது உருவான பாட்டுகள் மூன்றாம் தட்டில் இருக்கின்றன. கனத்த ஒலியை எதிர்பார்த்தவர்கள் மரக் கிதாரையும் மாண்டலினையும் கேட்டு ஏமாந்தார்கள். எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை கூடியது அந்தத் தட்டில்தான்.

தாள விஷயத்தில் ஸெப்பலினை நம்மவர்கள் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 1975இல் வந்த 'ஃபிசிகல் கிராஃபிட்டி' இரட்டைத் தட்டில் உள்ள 'காஷ்மீர்' பாட்டை எடுத்துக்கொள்வோம். போனம் நான்கு நான்காக அடித்துக்கொண்டிருக்க, கிதாரும் வாத்தியக் குழுவும் மூன்று மூன்றாக நகர்கின்றன. இரண்டும் பன்னிரண்டாம் எண்ணிக்கை முடிந்து மறுபடி ஒன்றாகத் தொடங்குகின்றன. சதுஸ்ரத்துக்குள் திஸ்ரத்தை ஓட்டும் கணக்கைக் கச்சேரிகளில் கேட்டுத் தொடை தட்டிப் பழகியவர்களுக்கு இது அந்நியமே அல்ல. பாட்டு வரிகள் பிறந்தது காஷ்மீரில் அல்ல, மொராக்கோவின் தெற்கே பாலைவனச் சாலைப் பயணத்தில். இந்தியத் தொடர்பு வேறு இடங்களில் உண்டு. முதல் தட்டிலேயே 'பிளாக் மவுன்டன் சைடு' பாட்டில் விராம் ஜஸானி தபலா வாசித்திருக்கிறார். 1972இல் பேஜும் பிளான்டும் பம்பாய்க்கு வந்து, உள்ளூர்க் கலைஞர்களை வைத்து 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' என்ற தங்கள் இரு பாட்டுகளையும் புதிதாகப் பதிந்தார்கள். அந்தப் பதிவு அதிகாரபூர்வமாக வெளிவர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டீப் பர்ப்பிளின் கதை வேறு திசையில் போகிறது. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் ஆர்னால்ட் நடத்திய ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு பர்ப்பிள் சேர்ந்து வாசிக்க, பர்ப்பிளின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் எழுதிய 'கன்செர்ட்டோ' அரங்கேறியது. லார்ட் முறையான மேற்கத்தியச் செவ்வியல் பயிற்சி உள்ளவர். அந்த வழியில் போக விரும்பினார். பிளாக்மோருக்கு அது பிடிக்கவில்லை. கனத்த ராக் இசைதான் தங்கள் வழி என்று பிடிவாதமாக நின்றார். 1970இல் வந்த 'இன் ராக்' தட்டு அவர் கட்சியின் வெற்றி. ரஷ்மோர் மலையில் அமெரிக்க அதிபர்களின் முகங்கள் இருக்கும் இடத்தில் தங்கள் ஐவர் முகங்களையும் செதுக்கியதுபோல் அட்டைப்படம் போட்டார்கள்.

லார்ட் தோற்றுப் பின்வாங்கவில்லை என்பதுதான் இந்தக் குழுவின் அழகு. தன் ஹாம்மண்ட் ஆர்கனைக் கிதார்களுக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். தேவாலயங்களில் ஒலித்த வாத்தியம் கிதாருக்குச் சமமாக உறுமத் தொடங்கியது. பிளாக்மோர் ஒன்று சொன்னால் லார்ட் உடனே அதற்கு மேல் ஒன்று சொல்வார். இயன் பெய்ஸின் டிரம்ஸ் இருவரையும் விரட்டிக்கொண்டே இருக்கும். போனம் நிலத்தை அதிரவைப்பவர் என்றால் இடக்கைக்காரரான பெய்ஸ் விரல்நுனி வேகத்தில் சுழல்பவர். ஜாஸ் இசையின் நடை அவர் கைகளில் தெரியும். அந்தக் காலத்துப் பர்ப்பிள் பாட்டுகளில் இயற்றியவர் பெயராக ஐவர் பெயரும் இருக்கும். ஸெப்பலின் பாட்டுகளில் பெரும்பாலும் பேஜ், பிளான்ட் என்று இரண்டு பெயர்கள்தான்.

1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகர சூதாட்ட அரங்கில் அடுத்த தட்டைப் பதிய ஏற்பாடு. டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் ஒருவர் சுட்ட ஒளிச்சுடரால் கட்டடமே எரிந்து போனது. மாற்றாகக் கிடைத்த அரங்கில் சத்தம் தாங்காமல் போலீஸ் வந்துவிட்டது. குளிர்காலத்துக்காக மூடியிருந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்தி வைத்து, வெளியே நின்ற வண்டிக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கம்பி இழுத்து, 'மெஷின் ஹெட்' தட்டைப் பதிந்தார்கள். தீ விபத்தைச் சொல்லும் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் மேல் குழுவுக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. தனித் தட்டாக முதலில் வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. இன்று கிதார் கற்கத் தொடங்கும் எந்த ஊர்ப் பிள்ளையும் முதலில் வாசித்துப் பார்ப்பது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் தொடக்கத்தைத்தான்.

இவை எல்லாவற்றையும்விட நான் உயர்வாக வைப்பது 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவும் டோக்கியோவில் ஓர் இரவுமாகப் பதிந்தது. ஜப்பானியச் சந்தைக்கு மட்டும் என்று திட்டமிட்டது. குழுவில் சிலர் அக்கறையே காட்டவில்லை. ஏழே பாட்டுகள். 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் ஒரு முழுப் பக்கம், ஏறக்குறைய 20 நிமிடம். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டின் நடுவில் பிளாக்மோர் ஒரு துணுக்கு வாசிக்கிறார், கில்லன் அதைக் குரலில் திருப்பித் தருகிறார். துணுக்கு நீள்கிறது, சுருதி ஏறுகிறது, கிதார் போகும் இடத்துக்கெல்லாம் குரலும் போகிறது. கற்பனாஸ்வரத்தில் பாடகரும் வயலின்காரரும் மாறி மாறிப் பதில் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கில்லன் முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் போய் நிற்பார். இதே கில்லன்தான் 1970இல் வந்த 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' இசைத்தட்டில் இயேசுவாகப் பாடியவர் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அந்த அலறலுக்கு இன்னொரு பொருளும் கிடைக்கும்.

மேடையில் ஸெப்பலின் இதற்கு ஈடில்லை என்று சொன்னால் ஸெப்பலின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 1976இல் அவர்கள் வெளியிட்ட 'த ஸாங் ரிமெய்ன்ஸ் த சேம்' மேடைப் பதிவைப் பொறுமையாகக் கேளுங்கள். 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்டு' ஏறக்குறைய 27 நிமிடம் ஓடுகிறது. அதில் பாதிக்குத் தேவையே இல்லை. 2003இல் வந்த 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வொன்' எவ்வளவோ மேல். அது 1972 ஜூன் மாதப் பதிவு. அதிலும் போட்டியின் சூடு குறைவு. பேஜ் தன் தட்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்த்த கிதார்களை மேடையில் ஒரே கிதாரால் நிரப்ப வேண்டியிருந்தது.

பிறர் பாட்டை எடுத்தாண்ட குற்றச்சாட்டு இரு பக்கமும் உண்டு. 'சைல்ட் இன் டைம்' பாட்டின் ஆர்கன் இழை, 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' பாட்டிலிருந்து வந்தது. அந்தக் குழுவும் பர்ப்பிளின் ஒரு பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அது சமமானவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். ஸெப்பலின் விஷயம் அவ்வளவு எளிதல்ல. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக புளூஸ் கவிஞர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது; சமரசத்துக்குப் பிறகே அவர் பெயர் சேர்ந்தது. ஏழ்மையில் பிறந்து வளர்ந்த கறுப்பினக் கலைஞர்களிடம் பெற்றதற்குப் பெயர் சொல்லாமல் விட்டது பெரிய கறை. எவ்வளவு நேசித்தாலும் அதை நான் மழுப்ப மாட்டேன். 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கில் மட்டும் 2016இல் ஜூரி ஸெப்பலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

முடிவுகளிலும் இரு குழுக்களின் இயல்பு தெரிகிறது. 1980 செப்டம்பர் 25 அன்று போனம் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மற்ற மூவரும் ஸெப்பலின் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். நான்கு தூண்களில் ஒன்று போனால் அந்தக் கட்டடம் நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் போனமின் மகன் ஜேஸன் டிரம்ஸ் வாசிக்க ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரி செய்தார்கள், அவ்வளவுதான். பர்ப்பிளிலோ 1973இல் கில்லனும் பேஸ் கிதார் கலைஞர் ரோஜர் குளோவரும் போனார்கள், டேவிட் கவர்டேலும் க்ளென் ஹியூஸும் வந்தார்கள். 1975இல் பிளாக்மோரே போனார். 1976இல் குழு கலைந்தது. 1984இல் மறுபடி கூடியது. பிளாக்மோர் 1993இல் மீண்டும் விலகினார். லார்ட் 2002இல் ஓய்வு பெற்று 2012இல் காலமானார். தொடக்கம் முதல் எல்லா அணிகளிலும் இருப்பவர் பெய்ஸ் ஒருவரே. போட்டிதான் இந்தக் குழுவின் உயிர் என்பதால் போட்டியிட இன்னொருவர் வந்தால் அது தொடர்ந்து ஓடியது.

படைப்புகளின் மொத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என் ஓட்டு ஸெப்பலினுக்கே. அவர்கள் தொட்ட எல்லை அகலம். அமைதியும் இடியும் ஒரே தட்டில் இடம்பெறும். பர்ப்பிளின் தட்டுகளில் 'இன் ராக்', 'மெஷின் ஹெட்' தவிர மற்றவற்றில் மேடு பள்ளம் அதிகம். ஆனால் ராக் இசையின் ஒரே ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது 'மேட் இன் ஜப்பான்'. புதிதாகக் கேட்க வருகிறவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. இரு குழுக்களையும் பொறுக்கியெடுத்த தொகுப்புகளில் கேட்காதீர்கள், முழுத் தட்டாகக் கேளுங்கள். ஸெப்பலினை ஹெட்ஃபோனில், பர்ப்பிளை நல்ல ஸ்பீக்கரில், அக்கம்பக்கத்தார் பொறுக்கும் அளவுக்குச் சத்தம் வைத்து.