டேங்க் என்றால் தொட்டியா?

2022-ல் நம்ம மாவட்டத்தின் இரண்டு நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன: சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர். அரசு வெளியிட்ட ஆங்கிலக் குறிப்பு இரண்டையுமே 'மேன்-மேட் இன்லேண்ட் டேங்க்' என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அது தப்பில்லை. சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டுப் பாருங்கள், 'மனிதனால் உருவாக்கப்பட்ட உள்நாட்டுத் தொட்டி' என்று வரும். கூழைக்கடாவும் செங்கால் நாரையும் வந்திறங்கும் குளம் தொட்டியாகிவிடுகிறது. இந்த மாதிரித் 'தொட்டி'களை மொழிபெயர்ப்புகளில் நிறையப் பார்த்தாச்சு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

டேங்க் என்ற சொல்லே நம்ம பக்கத்திலிருந்து போனது என்று ஒரு கட்சி உண்டு. குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு 'டாங்கு', 'டாங்கே' என்ற சொற்கள் உள்ளன. போர்ச்சுகீசில் 'டாங்க்கே' என்று தனியாக ஒன்று, லத்தீன் வேர். 1886-ல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்த இரண்டையும் வைத்துப் பேசுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், குளம் பார்க்காத ஆள் இல்லை. எப்படியோ, இந்தியாவில் ஆங்கிலேயருக்கு டேங்க் என்றால் முதலில் தோண்டியதோ கரைபோட்டுத் தேக்கியதோ ஆன நீர்நிலை. இரும்புப் பெட்டி பிறகு வந்த பொருள்.

சிக்கல் எங்கே என்றால், அவர்கள் ஒரே சொல்லால் நம்முடைய பத்து சொற்களை மூடிவிட்டார்கள். வடக்கே ஏரி, தாங்கல், ஏந்தல். மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், ஊருணி. திருநெல்வேலிக்குத் தெற்கே குளம். எல்லாமே டேங்க். சுசீந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தாணுமாலயன் கோயில் முன்னால் நடுவில் மண்டபத்தோடு இருப்பது தெப்பக்குளம். ஊருக்கு வெளியே பறவைகள் வரும், வயலுக்குப் பாயும் குளம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் 'சுசீந்திரம் டேங்க்' என்று எழுதலாம். எங்க தொழில் பாஷையில் சொன்னால், பல மதிப்புகளை ஒரே மதிப்பாகச் சுருக்கியாச்சு. திரும்ப விரித்தெடுக்க அந்த ஒரு சொல்லில் தகவல் இல்லை. இடம் தெரிந்தால்தான் முடியும்.

நாஞ்சில் நாட்டில் குளம் என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டுமில்லை. கரை, மடை, மறுகால், கீழே ஏலா எல்லாம் சேர்ந்தது. மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். கோதையாற்றில் 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர், தோவாளை சானல், அனந்தனார் சானல் மாதிரி கால்வாய்கள் வழியாகக் குளங்களுக்கு வருகிறது. பொறியாளர்கள் இப்படி ஆற்றுத் தண்ணீர் வரும் குளத்தை 'சிஸ்டம் டேங்க்' என்பார்கள், மழையை மட்டும் நம்பியிருப்பதை 'நான்-சிஸ்டம் டேங்க்' என்பார்கள். இதை 'முறைசார்ந்த குளம்', 'முறைசாராக் குளம்' என்று தமிழாக்கினால் என்ன புரியும்? ஏதோ அனுமதி வாங்காமல் வெட்டின குளம் மாதிரி இருக்கிறது. 'மானாவாரிக் குளம்' என்று விவசாயிகள் வாயில் சொல் தயாராக இருக்கு. மற்றதை 'ஆற்றுப்பாசனக் குளம்' என்று சொன்னால் போச்சு.

போர் வண்டிக்கு டேங்க் என்று பெயர் வந்தது ஒரு பொய்யால். முதல் உலகப்போரில் பிரிட்டன் ரகசியமாக இந்த வண்டியைச் செய்தபோது, தண்ணீர் சுமக்கும் தொட்டி என்று வெளியே சொன்னார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் முதல்முறையாகக் களம் இறங்கியது, மறைபெயரே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'டாங்கி' என்றும் 'பீரங்கி வண்டி' என்றும் எழுதுகின்றன. ஈழத்தில் 'யுத்தத் தாங்கி'; வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அங்கே 'தண்ணீர்த் தாங்கி'தான். ஒலியும் பொருளும் ஒன்றாகப் பொருந்திய அழகான ஆக்கம். ஆனால் வன்னியில் யாரும் இரணைமடுவைத் தாங்கி என்று சொல்லமாட்டார்கள். அது இரணைமடுக் குளம். ஆங்கிலத்தில் ஒரே டேங்க், அவர்கள் குழம்பவில்லை. நமக்கு மட்டும் ஏன் குழப்பம்? (திங்க் டேங்குக்கு 'சிந்தனைக் குழாம்' என்று வைத்தவரையும் பாராட்ட வேண்டும். குளம் காதில் விழுகிறது, பொருளும் தப்பவில்லை.)

சட்டத்துக்கு வரும்போது இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஆங்கிலத் தலைப்பில் 'டேங்க்ஸ்' என்கிறது. பத்திரிகைகள் 'ஏரிகள் பாதுகாப்புச் சட்டம்' என்று எழுதுகின்றன, சில இடங்களில் 'நீர்நிலைகள்'. முதலாவதைப் படிக்கும் நாஞ்சில் நாட்டுக்காரருக்கு 'நம்ம ஊர்ல ஏரியே கிடையாதே, இது மெட்ராஸ் விஷயம்' என்று தோன்றும். இரண்டாவதைப் படிப்பவர் ஆறு, வாய்க்கால், ஊராட்சிக் குட்டை எல்லாம் அடக்கம் என்று நினைப்பார். இரண்டும் சரியில்லை. அந்தச் சட்டத்தின் டேங்க், அதன் வாசகப்படி பொதுப்பணித் துறையின் (2021-லிருந்து நீர்வளத் துறையின்) கட்டுப்பாட்டில் இருக்கும் டேங்க். உங்க ஊர்க் குளம் ஊராட்சியின் கையில் இருந்தால் மனு வேறு வழியில் போக வேண்டும். ஆகவே செய்தி எழுதுகிறவர்கள் 'ஏரி, குளம், கண்மாய்' என்று மூன்றையும் போட்டு, 'நீர்வளத் துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நாலு சொல் கூடும், அவ்வளவுதான்.