பெயர் சுட்டாத விலக்கு

திரியாய்க் குன்றின் பாறையிலே பல்லவ கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனம் ஒன்றுண்டு. அங்குள்ள சைத்தியத்தை நிறுவியோர் வணிகக் குழுவினர் என அது கூறும். வாணிபத்தின் பொருட்டு வந்தோரை இக்கரை தன் வரலாற்றிலே எழுதிவைத்தது. அதே கரையில், தெற்கே திருகோணமலை நகரிற் பிற்காலத்தே குடியேறிப் பற்கட்டும் தொழிலும் துணி வணிகமும் செய்த சீனக் குடும்பங்களைச் சுதந்திர இலங்கையின் சட்டம் எவ்வாறு கணித்தது என்பது ஆராயத்தக்கது.

விலக்குச் சட்டங்கள் இருவகையின. ஐக்கிய அமெரிக்கா 1882இல் இயற்றிய சட்டம் சீனத் தொழிலாளரைப் பெயர் சுட்டியே தடுத்தது. கனடா 1885 முதல் சீனக் குடியேறிகளிடம் தலைவரி அறவிட்டது. 1923இல் வாயிலையே ஏறக்குறைய முற்றாக அடைத்தது. இவை வெளிப்படையான கொடுமைகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமோ எவ்வினத்தின் பெயரையும் சுட்டவில்லை. அதுவரை இங்கு பிறந்தோர்க்கு அப்பிறப்பு மட்டும் போதாது; தந்தையும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றே விதித்தது. நடுநிலை போலத் தோன்றும் இவ்விதியினால் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். சீனாவிற் பிறந்த தந்தையரின் பிள்ளைகளும் அவ்வாறே விலக்கப்பட்டனர்.

ஆயின் இருசாராரின் பிற்கால நிலையும் ஒன்றன்று. 1949ஆம் ஆண்டின் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் இந்தியர்க்கும் பாகிஸ்தானியர்க்கும் மட்டுமே விண்ணப்பிக்க வழிவகுத்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமலே அவர்களை இரு அரசுகளும் பங்கிட்டன என்பது அதன் பெருங்குறை. எனினும் அவர்தம் பிரச்சினை பேச்சுக்கேனும் வந்தது. சீனர்க்கோ அத்தகைய சட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. சிறு தொகையினரின் துயர் அரசியற் கணக்கிற் புலப்படுவதில்லை.

1948 நவம்பர் 15 முதல் நிரந்தரமாக வதிந்த சீன வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2008இலேயே நிறைவேறியது. இடையிற் கழிந்தவை அறுபது ஆண்டுகள். பெயர் சுட்டாது மறுத்ததைப் பெயர் சுட்டியே திருத்த வேண்டியதாயிற்று. அச்சட்டம் வரவேற்கத்தக்கதே. ஆயினும் 'வழங்குதல்' என்னுஞ் சொல் ஊன்றி நோக்கற்குரியது. மறுக்கப்பட்ட உரிமை அங்கு கொடையாகத் தோற்றுகின்றது. தலைவரிக்காகக் கனடியப் பிரதமர் 2006இற் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். சட்டத்திற் பெயர் இருந்தமையால் அங்கு தவற்றை மறைத்தல் இயலவில்லை. பெயரில்லாத சட்டத்திற்கு அத்தகைய நெருக்கடி எழுவதில்லை.

ஆதலின், ஒரு சட்டத்தை மதிப்பிடுவோர் அது எவரைச் சுட்டுகின்றது என்று மட்டும் நோக்குதல் போதாது. அது கேட்கும் தகுதியை எவராற் காட்டவியலாது என்பதையும் வினவுதல் வேண்டும்.