எல்லைப்புறக் கதைப்பாடலும் வரலாறும்: அமெரிக்கோ பரேதெசின் நூல் - ஒரு மதிப்பீடு

முன்னுரை

1848இல் ஏற்பட்ட குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கைக்குப் பின் ரியோ கிராண்டே ஆறு மெக்சிகோவுக்கும் டெக்சாசுக்கும் எல்லையாக உறுதி செய்யப்பட்டது. இரு கரையிலும் உறவு பூண்டு வாழ்ந்த மக்கள் இரு நாட்டினராயினர். அம்மக்களிடையே வழங்கும் ‘கொரீதோ’ எனும் கதைப்பாடல் வகையை ஆராய்ந்தவர் அமெரிக்கோ பரேதெசு (1915-1999). கிரெகோரியோ கோர்த்தெசு குறித்த கதைப்பாடலை ஆராயும் அவரது நூல் 1958இல் வெளிவந்தது. அந்நூலின் சிறப்பும் குறையும் இக்கட்டுரையில் மதிப்பிடப்படுகின்றன.

பாடலும் நிகழ்வும்

1901 சூன் திங்களில் குதிரைத் திருட்டை விசாரிக்க வந்த டெக்சாசு அதிகாரி, ‘குதிரை மாற்றினாயா?’ எனக் கேட்டார். மொழிபெயர்த்தவர் ஆண்குதிரையைக் குறிக்கும் சொல்லை ஆண்டார். கோர்த்தெசு மாற்றியதோ பெண்குதிரை. எனவே ‘இல்லை’ என்றார். அது பொய்யெனக் கொள்ளப்பட்டது. தொடர்ந்த மோதலில் அதிகாரி அவரது தமையனைச் சுட்டார். கோர்த்தெசு அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். பத்து நாள் தப்பியோடிப் பின் சிறைப்பட்ட அவருக்கு 1913இல் மன்னிப்புக் கிடைத்தது.

மக்கள் வழக்கில், தம்மவர் துன்புறுத்தப்படுவதறிந்து கோர்த்தெசு தாமே சரணடைகிறார். உண்மையில் அவர் காட்டிக்கொடுக்கப்பட்டார். பரேதெசு இம்முரணை மறைக்கவில்லை. பாடலைச் சான்றாவணமாகக் கொள்ளாமல், ஒரு சமூகம் தன் மானத்தைக் காத்துக்கொண்ட முறையாகக் காண்கிறார். டெக்சாசு காவற்படையைப் போற்றிய வால்டர் பிரெசுகாட் வெப்பின் வரலாற்றுக்கு (1935) மறுப்பாக இந்நூல் வலிமை பெறுவது இந்நேர்மையாலேயே ஆகும்.

நூலின் குறை

எனினும், இதே நேர்மை முதல் இயலில் இல்லை. பிரிவினைக்கு முந்தைய எல்லைப்புறச் சமூகம் அங்குச் சமத்துவம் மிக்கதாகச் சித்திரிக்கப்படுகிறது. குடும்பத் தலைவனின் அதிகாரம் இயல்பான ஒழுங்காகவே காட்டப்படுகிறது. அவ்வதிகாரத்தின்கீழ் வாழ்ந்த பெண்களின் குரல் ஒலிக்கவில்லை. பாடலிடம் எழுப்பிய வினாவை ஆசிரியர் தம் நினைவுநிலத்திடம் எழுப்பவில்லை. அவ்வினாவை அதே பள்ளத்தாக்கில் பிறந்த குளோரியா அன்சால்துவா 1987இல் வெளிவந்த ‘எல்லை நிலங்கள்’ எனும் பன்மொழிப் படைப்பில் எழுப்பினார். அங்கு எல்லை நாடுகளுக்கிடையே மட்டுமன்றி வீட்டினுள்ளும் செல்கிறது.

முடிவுரை

ஒரு சொல்லின் பிழைபெயர்ப்பு உயிர்களைப் பறித்த நிலத்தில், மொழியறிவே நீதியறிவாகிறது என்பதைப் பரேதெசின் நூல் நிறுவுகிறது. அன்சால்துவாவின் நூலோடு இணைத்துப் பயிலும்போதே அதன் பயன் நிறைவுறும்.