கூதிர்காலத்தில் வயலுக்குப் போகும் குழந்தைகள்: சென்னையும் வட இலங்கையும்

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று வழங்கியது. மேலைநாட்டு இலையுதிர்காலத்தோடு அது நாட்காட்டியில் ஏறக்குறைய ஒத்துப்போனாலும், வயலில் அதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் குடும்பங்கள் குழந்தைகளைப் பண்ணைக்கு அழைத்துச் சென்று பூசணி பறிக்கும் அக்டோபரில், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் நெற்பயிர் அப்போதுதான் மண்ணில் காலூன்றுகிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் மழலையர் வகுப்புகளில் பருவங்களைக் கற்பிக்கும் படங்கள் செம்மஞ்சள் இலைகளைக் காட்டுகின்றன. நகரத்துக்குத் தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் தென்படும் பருவமோ சேறும் நாற்றுமாக இருக்கிறது. இந்தப் பருவத்தை ஒட்டிச் சிறு குழந்தைகளை வயலுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் சென்னையிலும் வட இலங்கையிலும் காணப்பட்டாலும், அது நிகழும் முறை இரண்டு இடங்களிலும் வெவ்வேறு.

சென்னைக் குடும்பத்துக்கு வயல் தொலைவாகிப் போனது அண்மைக் காலத்தில்தான். இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி, 1920களில் மாம்பலம் ஏரியை வற்றச்செய்து எழுப்பப்பட்டது; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் மட்டும் அந்த ஏரியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏரி மறைந்த பிறகும், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் குடியேறிய பல குடும்பங்களுக்குத் தஞ்சைப் பகுதியில் குத்தகைக்கு விடப்பட்ட நிலம் இருந்தது, அறுவடைக்குப் பின் அங்கிருந்து நெல் மூட்டை வந்தது, விடுமுறையில் குழந்தைகள் ஊருக்குப் போய் வரப்பில் ஓடினார்கள். வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்கள் நிலத்தை விற்றதாலும், நில உச்சவரம்பை 30 தர ஏக்கராக வரையறுத்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டதாலும் அந்தத் தொடர்பு தளர்ந்தது. உழுதவர்களுக்கு நியாயம் தேடிய அந்த மாற்றத்துக்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதன் பின்விளைவாக, வயலைப் பார்க்க விரும்பும் நகரக் குழந்தைக்கு உறவின் வழி அடைபட்டு, கட்டணத்தின் வழி திறந்தது என்பதும் உண்மை.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கங்களிலும் நடக்கும் பண்ணைப் பயணங்கள் அத்தகையவை: முன்பதிவு, மாட்டுவண்டிச் சவாரி, பம்புசெட் குளியல், வாழையிலைச் சாப்பாடு, மாலையில் வீடு திரும்புதல். இயற்கை வேளாண்மையை இயக்கமாக்கிய கோ. நம்மாழ்வார் 2013இல் மறைந்த பின்னர், அவருடைய கருத்துகளால் ஈர்க்கப்பட்டு நிலம் வாங்கிப் பயிரிடத் தொடங்கிய நகரத்தாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தோட்டங்களில் நண்பர் வீட்டுப் பிள்ளைகள் மாப்பிள்ளைச் சம்பாவின் கதிரையும் கீரைப் பாத்தியையும் முதன்முறையாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது சரியன்று.

எந்த வாரத்தில் போவது என்பதைப் பயிர் முடிவு செய்வதில்லை, பள்ளி முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக அமைந்து, காந்தி ஜயந்தியோடும் பல ஆண்டுகளில் ஆயுத பூஜையோடும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால் சாலையும் வண்டியும் தொல்லை தருவதில்லை. அதே வேளையில், ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுப் பகுதியில் சம்பாப் பருவத்து நடவு நடக்கிறது. புழுதியில் நேரடியாக விதைக்கும் வழக்கமும் அங்கே உண்டென்றாலும், ஏரிப் பாசன வயலில் பெரும்பாலும் காணப்படுவது நடவுதான். நாற்றங்காலில் வளர்ந்த இளம்பயிரைப் பறித்து, வேர்ச் சேற்றை நீரில் அலசி, கையளவு முடிகளாகக் கட்டி வயலில் ஆங்காங்கே வீசுகிறார்கள். வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள் இடக்கையில் முடியைப் பிடித்து, வலக்கை விரல்களால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடியே பின்னோக்கி நகர்கிறார்கள். இது கூலிக்குச் செய்யப்படும் வேகமான வேலை. நான்கு வயதுக் குழந்தை அந்த வரிசைக்குள் இறங்க இடமில்லை; அது வரப்பில் நின்று பார்க்கிறது, அல்லது பண்ணைக்காரர் தனியே ஒதுக்கிய சேற்றுப் பாத்தியில் விளையாடுகிறது.

வட இலங்கையில் பள்ளி விடுமுறை, பயிரிடும் முறை ஆகிய இரண்டுமே வேறுபடுகின்றன. இலங்கைப் பள்ளிகள் மூன்று தவணைகளாக இயங்கி, வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை விடுவதால், புரட்டாசி, ஐப்பசியில் வயலுக்குப் போவதற்கென்று நீண்ட ஓய்வு கிடையாது. எனினும் சனி, ஞாயிறே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. காரணம், வயல் பெரும்பாலும் அம்மம்மாவுடையதாகவோ, அதாவது தாய்வழிப் பாட்டியுடையதாகவோ, சித்தப்பாவுடையதாகவோ இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும் மழைக்காலச் சாகுபடியை அரச வழக்கு பெரும்போகம் என்றும், யாழ்ப்பாணத்தார் காலபோகம் என்றும் கூறுகின்றனர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல் மழையை நம்பிய மானாவாரிப் பயிர் என்பதால், அங்கே நாற்று நடுவதைவிட விதைப்பதே பெருவழக்கு. உழுத நிலத்தில் விதைநெல்லைக் கையால் வீசி, மேலோட்டமாக மறுபடி உழுது மூடுகிறார்கள். விதைப்பில் குழந்தைக்கு இடம் உண்டு. பனையோலைக் கடகத்திலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளிக் கொடுத்தால், அது வீசுகிற விதையும் மற்ற விதைகளோடு சேர்ந்தே முளைக்கிறது. விளைச்சலுக்கு அதனால் இழப்பில்லை.

அந்த விதைப்புக்கு ஒரு மறுமுனையும் உண்டு. தைப்பூசத்தை ஒட்டி, புதிர் எடுத்தல் என்ற பெயரில், குடும்பத்தில் மூத்தவர் வயலுக்குச் சென்று முதற்கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர, அந்தப் புத்தரிசியைச் சமைத்து அனைவரும் சேர்ந்து உண்கிறார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் தென்மராட்சியில் மறவன்புலவு என்னும் ஊரிலுள்ள தன் வயலில் இச்சடங்கை ஆண்டுதோறும் நடத்துகிறது. ஐப்பசியில் விதையை வீசிய குழந்தை தையில் அதன் சோற்றை உண்கிறது என்பதே இலங்கை வழக்கத்தின் பெரும்பேறு.

ஆனால் அந்த உறவு வழியும் சேதமின்றித் தப்பவில்லை. வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களால், உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கிய தங்கள் காணிகளைப் பல ஆண்டுகள் கண்ணால் காணவும் முடியவில்லை; போர் முடிந்த 2009க்குப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட நிலத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்களுக்கு அது உல்லாசப் பயணமாக இருந்திருக்க முடியாது. கண்ணிவெடி அகற்றப்படாத பச்சிலைப்பள்ளிப் பகுதிகளில், மற்றவர் நடந்த தடத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பாடமாகவே கற்றார்கள். அதே பச்சிலைப்பள்ளியில், இயக்கச்சி என்னும் ஊரில், கட்டணம் செலுத்திக் காணும் றீச்சா பண்ணை இப்போது இயங்குவதைப் பார்க்கும்போது, சென்னையின் வழி அங்கேயும் திறந்துவிட்டது தெரிகிறது. வடக்குக்கு வெளியே, கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பங்கள் நுவரெலியா மாவட்டத்து அம்பேவெலப் பால்பண்ணைக்குப் போகும் வழியில் காணும் தேயிலைச் சரிவுகள், அங்கே லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளரும் தமிழ்க் குழந்தைக்கு வேடிக்கை இடம் அல்ல, தாய் கொழுந்து பறிக்கும் இடம்.

சென்னை வழக்கத்தின் குறை கட்டணத்தில் இல்லை, அது ஒரு நாளோடு முடிந்துவிடுவதில் இருக்கிறது. ஆகஸ்ட் வாக்கில் நாற்றுவிட்டு, காலாண்டு விடுமுறையில் நட்ட சம்பா, ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டியே அறுவடைக்கு வருகிறது. பள்ளி நாட்காட்டி இங்கே பயிரோடு இவ்வளவு இணக்கமாக அமைந்திருந்தும், காணும் பொங்கலன்று நகரம் மெரினாவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும்தான் திரள்கிறது. புரட்டாசியில் வரப்பில் நின்ற குழந்தையை, நான்கு மாதம் கழித்து அதே வரப்புக்கு அழைத்துப் போவதற்கு உறவும் வேண்டாம், சொந்த நிலமும் வேண்டாம். முதல் பயணத்தன்றே பண்ணைக்காரரிடம் அறுப்பு எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.