கெற்சால் பறவை: குறியீடும் சமூக மெய்ம்மையும்

மத்திய அமெரிக்க மலைகளின் முகிற்காடுகளில் வாழும் கெற்சால், பச்சை மேனியும் செந்நிற வயிறும் உடைய பறவை. ஆண் பறவையின் வாற்சிறகுகள் அதன் உடலினும் நீண்டவை. குவாத்தமாலா நாட்டின் இலச்சினையிலும் நாணயத்திலும் அதுவே இடம்பெறுகின்றது. அதனை விடுதலையின் குறியீடாகப் போற்றுதல் மரபு. ஆயின், ஒரு குறியீட்டின் பொருள் அதனைக் கையாளும் சமூக சக்திகளிலேயே தங்கியுள்ளது. அவ்வகையில் இப்போற்றுதல் மீள்நோக்கப்பட வேண்டியதாகும்.

ஸ்பானியர் வருகைக்கு முன்னரும் இச்சிறகு அனைவர்க்கும் பொதுவானதாக இருக்கவில்லை. மாயரிடையேயும் அஸ்தெக்கரிடையேயும் அது ஆள்வோர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய அணியாகவே விளங்கியது. கீழடங்கிய மாகாணங்கள் அஸ்தெக் அரசுக்கு இச்சிறகுகளைத் திறையாக இறுத்தமையை 16ஆம் நூற்றாண்டின் மென்டோசா ஏடு காட்டுகின்றது. எனவே பழமையைப் பொற்காலமாக்கி, பிற்காலத்தை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

1524இல் ஸ்பானியப் படையை எதிர்த்து மடிந்த கிச்சே வீரன் தெகூன் உமானின் குருதி தோய்ந்த மார்பில் இப்பறவை வந்தமர்ந்ததாகவும், அதனாலேயே அது செந்நிறம் பெற்றதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. தோற்றோரின் துயரம் இங்கு பறவையின் மேனியில் ஏறிநிற்கின்றது. இதுவே இக்குறியீட்டின் மக்கள்சார் பக்கம் எனலாம்.

அரசு இப்பறவையை ஏற்ற காலச்சூழல் கூர்ந்து நோக்கத்தக்கது. 1871இல் ஆட்சியைக் கைப்பற்றிய தாராளவாதிகள், சுதந்திரப் பிரகடன நாள் பொறித்த சுருளின்மீது கெற்சாலை அமர்த்தி இலச்சினை வகுத்தனர். அவர்களது ஆட்சியே கோப்பிப் பயிர்ச்செய்கையின் பொருட்டு மாயரின் பொதுநிலங்கள் பலவற்றைத் தனியுடைமையாக்கியது. 1877ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவர்களைத் தோட்டங்களிற் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தியது. 1924இல் நாணயத்துக்கும் கெற்சால் எனப் பெயரிடப்பட்டது. விடுதலைப் பறவையின் பெயராலேயே உழைப்பாளியின் கூலியும் கணக்கிடப்படலாயிற்று.

1960இல் தெகூன் உமான் தேசிய வீரனாக அறிவிக்கப்பட்டான். அவ்வாண்டிலேயே தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்றும், அடையாளங் காணப்பட்டோருள் 83 வீதத்தினர் மாயர் என்றும் 1999இல் உண்மை ஆணைக்குழு அறிவித்தது. இறந்த மாயன் வீரனாகப் போற்றப்பட்ட நாட்டில், வாழும் மாயன் பகைவனாக நடத்தப்பட்டான். கெற்சாலுக்கெனக் காட்டுச் சரணாலயம் அமையக் காரணராயிருந்த சன் கார்லோஸ் பல்கலைக்கழக அதிபர் மரியோ தாரியும் 1981இல் கொலையுண்டார்.

இன்று காடழிப்பே இப்பறவைக்குப் பெருங்கேடு. உக்கிய மரங்களில் அது கூடமைக்கின்றது. காட்டு வெண்ணெய்ப்பழ இனங்களை உண்கின்றது. காடின்றி அதற்கு வாழ்வில்லை. அதுபோலவே நிலமின்றி மாயருக்கும் வாழ்வில்லை. இவ்விரு கேள்விகளையும் இணைத்து நோக்காத எப்போற்றுதலும் வெறும் அலங்காரமாகவே எஞ்சும்.