துதிக்கு ஒரு காரணம்

ஸ்தோத்திர இலக்கியம் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பெரியவனைப் பெரியவன் என்று சொல்வதில் கவிக்கு என்ன வேலை இருக்கிறது? பயந்தவனும் அதைச் சொல்வான்; பரிசிலுக்காக வாசலில் நிற்பவனும் சொல்வான். எபிரேயச் சங்கீதங்களைப் பாடிய கவிகள் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். துதியுங்கள் என்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. எதற்காகத் துதிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.

எபிரேயத்தில் 'கீ' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. 'ஏனென்றால்' என்று பொருள் கொள்ளலாம். 150 சங்கீதங்களில் மிகச் சிறியது 117-வது, இரண்டே வசனம். முதல் வசனம் எல்லா ஜாதியாரையும் துதிக்க அழைக்கிறது. இரண்டாவது 'கீ' என்று ஆரம்பித்துக் காரணம் கூறுகிறது. உலகத்தையே கூப்பிட்ட கவி, கடவுளின் பலத்தைக் காரணமாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் சொல்வது 'ஹெஸெத்'. அதோடு கடவுளின் உண்மை.

இந்த ஹெஸெத் மொழிபெயர்ப்பாளர்களைப் படாதபாடு படுத்திய சொல். 1535-ல் ஆங்கிலத்தில் பைபிளை வெளியிட்ட கவர்டேல், அன்பையும் தயவையும் ஒட்டவைத்து ஒரு கூட்டுச்சொல்லையே பயன்படுத்தினார். நம்முடைய பழைய வேதாகமம் கிருபை என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம் பேரன்பு என்றது. கிருபையில் மேலேயிருந்து கீழே இறங்குகிற தயவு இருக்கிறது. பேரன்பில் நெஞ்சின் கனிவு இருக்கிறது. இவற்றோடு, உறவு என்று ஏற்பட்ட பிறகு கைவிடாமல் நிற்கிற குணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெல்சன் க்ளூக் 1927-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்த அம்சத்தைத்தான் வற்புறுத்தினார். கதை படிப்பவர்களுக்கு ரூத்தின் கதையே போதும். கணவனை இழந்த ரூத், மாமியாரைத் தனியே விட்டுப் போக மறுக்கிறாள். அந்தக் கதையில் போவாஸ் அவளுடைய நடத்தைக்குக் கொடுக்கிற பெயரும் ஹெஸெத்தான்.

136-வது சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும், ஹெஸெத் என்றைக்கும் நிற்பது என்ற ஒரே பல்லவியில் முடிகிறது. யூதர்கள் பஸ்கா இரவில் ஓதும் பாட்டு இது. வானமும் பூமியும் உண்டானதில் தொடங்கி, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஜனங்கள் வெளியேறியது வரை வந்து, அதற்கப்பாலும் போகிறது. எகிப்தியரின் தலைப்பிள்ளைகள் மாண்டதைச் சொன்ன பிறகும் அதே பல்லவிதான். இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. விடுதலையடைந்த அடிமையின் காதுக்கு இனிக்கிற வரி, பிள்ளையைப் பறிகொடுத்த எகிப்தியத் தாயின் காதில் எப்படி விழும்? பாட்டு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் 25-வது வசனத்துக்கு வரும்போது, உயிருள்ள எல்லாவற்றுக்கும் ஆகாரம் கொடுப்பவர் என்று கடவுளைப் பாடுகிறது. எகிப்தியரை அந்தப் பந்தியிலிருந்து எழுப்பிவிட முடியாது. கவியின் மனசை விட அவன் பிடித்துக்கொண்ட சொல் விசாலமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் சொல்லித் துதிப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. காரணம் பொய்த்துவிட்டதாகத் தோன்றினால் நியாயம் கேட்கலாம். 89-வது சங்கீதம் ஹெஸெத்தைப் பாடுவேன் என்றுதான் ஆரம்பிக்கிறது. தாவீதின் வம்சத்துக்குக் கடவுள் கொடுத்த வாக்கை விஸ்தாரமாக நினைவூட்டுகிறது. 38-வது வசனத்தில் குரல் மாறிவிடுகிறது. உடன்படிக்கை உதறப்பட்டது, கிரீடம் மண்ணில் விழுந்தது என்று கடவுளின் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டுகிறது. பழைய ஹெஸெத் எல்லாம் எங்கே போயிற்று என்று 49-வது வசனத்தில் கேட்டும் விடுகிறது. பதில் வரவில்லை. அப்படியும் அந்தப் பாட்டைத் தொகுப்பிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

முகஸ்துதி செய்கிறவனுக்கு இந்தத் தைரியம் வராது. கொடுத்த வாக்கை நம்பினவனுக்குத்தான் வழக்காடும் உரிமை உண்டு. இந்த மூன்று பாட்டுக்களையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பக்தி இல்லாத வாசகருக்கும், அன்பை நம்பி ஏங்குகிற ஒரு மனிதக் குரல் அவற்றில் கேட்கும்.