விருப்பக் கடிதம் என்னும் வெளியேற்றம்

பள்ளியில் ஏதோ ஒரு சம்பவம். அடிதடியாக இருக்கலாம், ஆசிரியரை எதிர்த்துப் பேசியதாக இருக்கலாம். மறுநாள் பெற்றோரை வரச்சொல்கிறார்கள். தலைமையாசிரியர் அறையில் தாயிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “சொந்தக் காரணங்களுக்காக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்” என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதினால் மாற்றுச் சான்றிதழில் (டி.சி.) நடத்தை ‘நன்று’; எழுதாவிட்டால் வேறு மாதிரி. அரைநாள் கூலியை விட்டுவந்தவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். எந்தப் பதிவேட்டிலும் ‘நீக்கம்’ என்ற சொல் ஏறாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆவது பிரிவில், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம் 5, 8-ஆம் வகுப்புகளில் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வழிவிட்டது. நீக்கத் தடையில் கைவைக்கவில்லை. ஆனால் பெற்றோரே டி.சி. கேட்டதாக ஒரு கடிதம் இருந்தால் நீக்கம் இடமாற்றம் ஆகிவிடுகிறது, தடையும் செயலற்றுப் போகிறது. பிள்ளைக்காக வாதாட வேண்டியவர் கையாலேயே பிள்ளைக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வாங்குகிறார்கள். இந்த நடைமுறையில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தத் தடையும் கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

ஆசிரியர்களின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். அச்சம் மாணவர்களுக்கும் உண்டு: 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றவன், பாதிக்கப்பட்ட பையன்தான். புகார் சொன்ன பிறகு வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். ஆகவே துன்புறுத்துகிறவனை விலக்கி வைக்கும் அதிகாரம் பள்ளிக்கு வேண்டும். அதற்கான விசாரணையில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கும் இடம் வேண்டும்.

ஆசிரியரிடம் முறைதவறி நடக்கும் மாணவர்கள் நீக்கப்படுவார்கள், காரணம் டி.சி.யிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதப்படும் என்று 2022 மே மாதம் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தார். காரணத்தை மறைக்காமல் சொல்வது என்ற அளவில் இது விருப்பக் கடிதத்தைவிட நேர்மையானது. ஆனால் அதைப் பிள்ளை போகும் இடமெல்லாம் கூட வரும் சான்றிதழில் ஏற்றுவது தண்டனைக்கு மேல் தண்டனை. கட்டணப் பாக்கியை டி.சி.யில் குறிப்பிடக் கூடாதென்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பணப் பாக்கிக்கே இடமில்லாத தாளில் பதினைந்து வயதுப் பிழைக்கு மட்டும் எப்படி இடம் வரும்?

வெளிப்படையாக நீக்குவதற்கு வேறு வழி உண்டு. இங்கிலாந்தில் தலைமையாசிரியர் நீக்கத்துக்கான காரணத்தைத் தாமதமின்றிப் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். நிரந்தர நீக்கமென்றால் 15 பள்ளி நாட்களுக்குள் நிர்வாகக் குழு கூடிப் பெற்றோர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதற்கும் மேல் வெளியாட்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு உண்டு. 2012 முதல் அக்குழுவால் முடிவை ரத்துசெய்து மறுபரிசீலனைக்கு அனுப்ப முடியும். பிள்ளையைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட முடியாது. பெரிய குறைதான். ஆனாலும் எதிர்த்து வாதாட அங்கே பெற்றோர் கையில் ஓர் ஆணை இருக்கிறது. இங்கே இருப்பது அவர்களே எழுதிக் கொடுத்த கடிதம்.

என் முடிவு இது: எழுத்தில் காரணம் தராமல், மாணவன் சொல்வதைக் கேட்காமல், பள்ளிக்கு வெளியே மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் செய்யப்படும் நீக்கம் செல்லாது என்று பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அரசு விதி வகுக்க வேண்டும். சம்பவத்துக்குப் பின் வாங்கப்படும் விருப்பக் கடிதத்தைக் கல்வி அலுவலர் பெற்றோரை நேரில் விசாரித்த பிறகே ஏற்க வேண்டும்.

பெற்றோர்களே, அந்த அறையில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். நீக்குவதானால் காரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளையென்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் புகார் எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அது சரியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.